ஒழுக்கவியல்: மாணாக்கர்க்கு ஓர் அறிமுகம்

திருச்சிராப்பள்ளிக் குன்றின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவார்க்குக் காவிரியும், அதன் அப்பால் திருவரங்கத் தீவும், தீவின் வடபால் கொள்ளிடமும் தோன்றும். மேற்கே நோக்கின், பண்டு சோழர் தலைநகராய் விளங்கி இஞ்ஞான்று இந்நகரின் ஒரு பகுதியாய் அமைந்த உறையூர் தோன்றும். ஒழுக்கவியல் பயிலப் புகும் மாணாக்கர் அந்நூலின் அடிப்படைக் கருத்துகளை இவ்விடங்களைக் கொண்டே எளிதில் உணரலாம்.

ஒழுக்கம் என்னும் சொல் ஒழுகுதல் என்பதன் அடியாகப் பிறந்தது. ஒழுகுதலாவது இடையறாது செல்லுதல். நீர் தன் வழியே இடையறாது செல்லுதல்போல, வாழ்க்கை ஒரு நெறிப்பட்டு இடையறாது செல்லுதலே ஒழுக்கமாம். ஆகலின் ஒருநாள் நிகழ்ந்த நற்செயல் ஒன்றனை நோக்கி ஒருவனை ஒழுக்கமுடையான் என்றல் பொருந்தாது. மேலைநாட்டார் இந்நூற்கு இட்ட 'எதிக்ஸ்' என்னும் பெயரும், குணம் எனவும் பழக்கம் எனவும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்ததே. ஒழுக்கம் வேறு, ஒழுக்கவியல் வேறு. முன்னது வாழும் வாழ்க்கை. பின்னது அவ்வாழ்க்கைக்குரிய காரணங்களை ஆராயும் நூல். 'இது செய்' என்று கட்டளையிடுதலோடு அமையாது, 'இது செய்யத்தக்கது என்பது எதனால்?' என்று வினாவுதலே இந்நூலின் தொழில் என்க.

இனி, இந்நூலால் ஆராயப்படும் பொருள் யாது? எனின், அறிந்தும் விரும்பியும் செய்யப்படும் செயலேயாம். காவிரி பெருகி ஊரை அழிப்பின், ஆற்றைப் பாவி என்பாரில்லை. ஆயின், திருவரங்கத்தின் மேற்கே கொள்ளிடத்தின் குறுக்கே 1836ஆம் ஆண்டில் அமைந்த மேலணையை எண்ணுக. அங்கே மதகு காப்போன் ஒருவன் வெள்ளம் வருதலை அறிந்து வைத்தும் கரையூரார்க்கு உரையாது வாளா இருப்பின், அவன் குற்றமுடையான் ஆவன். நீர் ஒன்றே, வேறுபாடு அறிவும் விருப்பும் புகுந்ததனால் வந்தது. செய்யாமையும் ஒரு செயலாய் எண்ணப்படுதலை ஈண்டுக் கண்டுகொள்க. அறிவு, இச்சை, செயல் என்னும் மூன்று ஆற்றல்களும் உயிர்க்கு உண்டெனச் சைவ சித்தாந்தம் கூறுதலும் இதற்கு அரண் செய்யும். இம்மூன்றும் கூடியவழியே வினை வினையாகும். புகழும் பழியும் அவ்வழியே பொருந்தும்.

ஒழுக்கத்தை வழக்கத்தோடும் சட்டத்தோடும் ஒன்றென மயங்குதல் கூடாது. நம் நாட்டுத் திருக்கோயில்கள் பலவற்றினுள் மக்களுள் ஒரு சாராரைப் புகவிடாத வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டம் அத்தடையை நீக்கிற்று. சட்டம் பிறந்த நாளிலேதான் அச்செயல் நேரிதாயிற்றோ? அன்று. முன்னரே நேரிதாயிருந்ததனைச் சட்டம் பின்னர் ஒப்புக்கொண்டது. வழக்கத்தையும் சட்டத்தையும் நிறுக்கும் துலாக்கோல் ஒன்று அவற்றின் வேறாய் உளது என்பது இதனாற் பெறப்படும்.

அத்துலாக்கோலின் இயல்பை உறையூர் நமக்கு உணர்த்தும். புறநானூற்றின் 45, 46, 47ஆம் பாட்டுகள் கோவூர்கிழார் என்னும் புலவர் பாடியன. மூன்றும் சோழ வேந்தரின் சினத்தின் முன்னர் நின்று பாடப்பட்டன. படையும் ஆணையும் வேந்தர் கையில் இருந்தன. புலவர் கையில் இருந்தது காரணம் ஒன்றே. அவர் மூவிடத்தும் மூவேறு காரணங்களைக் காட்டினார்.

முதலாவது, நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டையை அடைத்து உள்ளே இருந்த காலத்தது. போரிடுவோர் இருவரும் ஆத்தி மாலை சூடும் ஒரே குடியினர்; எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே; இருவரும் வெல்லுதல் இயலாது; இப்போரால் மகிழ்வார் பிற வேந்தரே என்றார் புலவர். இது செயலின் பயன் நோக்கிய வாதம். மேலைநாட்டு அறிஞருள் மில் என்பார் செயலின் நன்மை தீமைகளைப் பயன் பற்றியே துணிதல் வேண்டும் என்றார்.

இரண்டாவது, கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக் காலில் இடப் புக்க காலத்தது. அவன் புறாவின் துயர் நீக்கிய மரபில் வந்தவன் என்பதனையும், அச்சிறுவர் வறிய புலவர்க்குப் பகுத்து உண்ணும் மரபில் வந்தோர் என்பதனையும் புலவர் நினைவூட்டினார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையையும் மறந்த அவ்விளஞ்சிறார், அறியாத அவையை மருண்டு நோக்குதலையும் காட்டினார். இது செய்வோனின் குணம் நோக்கிய வாதம். 'இதனைச் செய்தால் நீ எத்தகையன் ஆவாய்?' என்பதே இதன் உட்கிடை. கிரேக்க அறிஞர் அரித்தாட்டில் குணநலத்தையே ஒழுக்கத்தின் நிலைக்களமாகக் கொண்டார்.

மூன்றாவது, நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி, நெடுங்கிள்ளி கொல்லப் புக்க காலத்தது. பெற்றது கொண்டு மகிழ்ந்து, சுற்றத்தை ஊட்டி, எஞ்சியதையும் பிறர்க்கு ஈந்து வாழும் புலவர் வாழ்க்கை எவர்க்கும் தீங்கு செய்வதன்று என்றார் கோவூர்கிழார். குற்றமில்லாதானை ஒறுத்தல் நாட்டுக்குப் பயன் தருவதாயினும் தகாது என்னும் நீதி இவ்வாதத்தில் அடங்கியுளது. செருமானிய அறிஞர் காந்து 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மக்களைப் பிறிதொன்றற்குக் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று நிறுவியதும் இக்கருத்தை ஒட்டியதே.

பயன், குணம், கடமை என்னும் இம்மூன்றும் ஒழுக்கவியலின் முதன்மையான அளவைகளாம். பின்னிரண்டு பாட்டுகளாலும் உயிர்கள் உய்ந்தன என்பது அப்பாட்டுகளின் அடிக்குறிப்பால் விளங்கும். சிறுவர்க்காகப் பாடிய பாட்டைப் புலவர் முடித்த முறையே மாணாக்கர் ஊன்றி நோக்கத்தக்கது. யான் கூறியதைச் செவிமடுத்தாய். இனி நின் உள்ளம் விரும்புவதைச் செய்வாயாக என்னும் கருத்துப்பட அவர் முடித்தார். வேந்தனை அவர் அச்சுறுத்தவில்லை, இரந்து மயக்கவுமில்லை. சினம் மறைத்த அவனது அறிவை விளக்கி, செயலை அவனிடமே விட்டார். உரிமையில்லாதார்க்கு அறம் உரைத்தல் பயனின்று. அறம் உரைக்கப்பட்டபின் உரிமையுடையார்க்குத் தப்பும் வழியும் இன்று.

கடமை இரண்டு தம்முள் மாறுபடின் என் செய்வது? எனின், திருவரங்கத்தில் வாழ்ந்த இராமாநுசரைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு ஈண்டு நினைத்தற்குரியது. அவர் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை சென்று மறைபொருள் பெற்றார். பிறர்க்கு உரையேன் என்ற உறுதியையும் மேற்கொண்டார். பின்னர்ப் பலரும் உய்தல் வேண்டி அதனை வெளியிட்டார். ஆசிரியர் வினவியபோது, நரகம் தமக்காயினும் ஏனையோர் உய்வர் என விடையிறுத்தார். உறுதிமொழி கடந்ததனை அவர் மறைத்திலர். அதன் விளைவையும் பிறர்மேல் ஏற்றிலர். தன் நலத்தின்பொருட்டுக் கடமை கடந்து, 'பெரிய அறத்தின்பொருட்டு' எனச் சொல்லிக்கொள்வார் பலர். அவரை இனங்காண, இழப்பை ஏற்றவர் யார் என வினாவுதல் நல்லதோர் உரைகல்லாம்.

இவையெல்லாம் ஒரு சொல்லில் தொகுத்து உரைக்கப்படுமோ? எனின், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதனைச் செய்தருளினார். மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் உயிர்கட்கு உறுதி பயப்பனவற்றைச் செய்தலே இதம் எனவும், அது செய்யாமை அகிதம் எனவும் அவர் வரையறுத்தார். மனத்தை முதற்கண் வைத்ததனால் நோக்கமும், உறுதி என்றதனால் பயனும், உயிர் எனப் பொதுப்பட நிறுத்தியதனால் வேற்றுமை பாராத நீதியும் அவ்வரையறையுள் அடங்கின.

மாணாக்கர்காள்! யானைக் காலை நோக்கி நின்ற சிறுவரை நீவிர் நாடோறும் வேறு வேறு வடிவிற் காண்பீர். ஒருபால் வலியுடையார் சினமும், ஒருபால் அவையின் மௌனமும் இருக்கும். அந்நேரத்து நும்பால் உரைத்தற்கு ஒரு காரணமும், அதனை உரைக்கும் துணிவும் இருத்தல் வேண்டும். ஒழுக்கவியல் பயில்வது அதன்பொருட்டே.