தஞ்சையிலிருந்து மைசூர் வந்த ஏட்டுக்கட்டு

ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் அவர்களை மைசூருக்கு அழைத்துச் செல்வது பெங்களூர்த் தமிழர்களின் வழக்கம். அரண்மனையைக் காட்டுவார்கள், சாமுண்டி மலைக்குக் கூட்டிப் போவார்கள், மாலையில் பிருந்தாவனத்து விளக்குகள். திரும்பும்போது மைசூர்பாகு ஒரு பொட்டலம். அதோடு மைசூர் முடிந்தது. விக்டோரியா மகாராணி பட்டமேறிய ஐம்பதாம் ஆண்டு நினைவாக எழுப்பப்பட்ட ஜூபிலி மண்டபத்தை எத்தனை பேர் ஏறிட்டுப் பார்த்திருப்பார்கள்?

பத்தாம் சாமராஜேந்திர உடையார் காலத்தில், 1891-ல், மைசூர் அரசாங்கத்தின் ‘ஓரியண்டல் லைப்ரரி’ தொடங்கப்பட்டது அங்கேதான். 1916-ல் அது மைசூர் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. 1943-ல் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் மாற்றம் பெற்றது. பல்லாயிரம் ஓலைச்சுவடிகள் சேர்ந்துள்ள இந்த நிலையத்துக்கு உலகப் புகழ் தேடித்தந்தது ஒரே ஒரு கட்டு. அது தஞ்சை ஜில்லாவிலிருந்து வந்த கட்டு; கிரந்த எழுத்தில் எழுதப்பட்டது.

பெயர் தெரியாத பண்டிதர்

அப்போது அந்த நூலகத்தில் நூலகராக இருந்தவர் ஆர். ஷாமா சாஸ்திரி. 1868-ல் காவிரிக் கரையிலுள்ள ருத்ரபட்டணத்தில் பிறந்தவர். பல நூற்றாண்டுகளுக்கு முன் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்ததாகச் சொல்லப்படும் சங்கேதிகள் வாழும் ஊர் அது. அவர்கள் வீட்டுப் பேச்சில் தமிழும் கன்னடமும் இன்றும் கலந்து ஒலிக்கும்.

நூலகத்துக்கு வந்து சேரும் கட்டுகளை அவிழ்த்து, என்ன நூல் என்று கண்டறிந்து, படியெடுப்பது சாஸ்திரியின் வேலை. 1905-ல் அப்படி ஒரு கட்டைப் படித்தவருக்குத் திகைப்பு. அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! தண்டி போன்ற பழைய ஆசிரியர்கள் அந்த நூலைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்; உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் முழு நூலை அக்கால ஆராய்ச்சியாளர் எவரும் கண்டதில்லை. அது அழிந்தே போயிற்று என்று கருதியிருந்தார்கள்.

அந்தக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர். நூலின் ஒரு பகுதிக்குப் பட்டஸ்வாமி என்பவர் எழுதிய உரையும் அவர் கொடுத்ததில் இருந்தது. சாஸ்திரி தம் முன்னுரையில் இதைக் குறித்து வைத்திருக்கிறார். பண்டிதரின் பெயர்தான் அதில் இல்லை.

மூலம் 1909-ல் அச்சாயிற்று. ஆங்கில மொழிபெயர்ப்பு 1915-ல் வந்தது. பழைய இந்தியாவில் வேதாந்தம் உண்டு, அரசியல் சிந்தனை கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். வரி, நீதிமன்றம், சுரங்கம், ஒற்றர், எடை கற்கள் வரை எல்லாவற்றுக்கும் விதி சொல்லும் நூல் அல்லவா! ஜெர்மனிக்குப் போன மைசூர் மகாராஜாவிடம், “ஷாமா சாஸ்திரியின் மைசூரா?” என்று கேட்டார்களாம். கதை மெய்யோ பொய்யோ, மைசூரில் இன்றும் உலவுகிறது. அரசாங்கத்தின் கணக்கேடுகளையும் பதிவேடுகளையும் எப்படி வைத்துக் காக்க வேண்டும் என்று தனி அத்தியாயமே எழுதிய நூல், எந்தப் பதிவிலும் இல்லாமல் ஒரு வீட்டு மூலையில் கிடந்தது என்பதுதான் வேடிக்கை.

ஒரு பிரதி கிடைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. பின்னர் கேரளத்திலிருந்து வேறு பிரதிகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு கணபதி சாஸ்திரி 1924-25-ல் திருவனந்தபுரத்தில் தம் உரையோடு பதிப்பித்தார். கிடைத்த பிரதிகளையெல்லாம் ஒப்பிட்டு ஆர். பி. காங்லே செய்த பதிப்பு 1960-ல் பம்பாயில் வெளிவந்தது. ஓர் ஏட்டில் பூச்சி தின்ற வரி இன்னொன்றில் முழுசாக இருக்கும். ‘இதுதான் அச்சாகிவிட்டதே, பழைய ஓலை எதற்கு?’ என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பட்டியல் இருக்கிறது, ஏடு எங்கே?

சுவடிகளைக் கணக்கெடுக்கும் முயற்சி பழையது. லாகூர் பண்டிதர் ராதாகிருஷ்ணர் வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, 1868-ல் இந்திய அரசாங்கம் இதற்கென்று பணம் ஒதுக்கியது. நம் பகுதியில் லூயிஸ் ரைஸ், மைசூர், குடகு நாடுகளிலிருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, 1884-ல் பெங்களூரில் அச்சிட்டார். சென்னையில் குஸ்தாவ் ஆப்பர்ட் தென்னிந்திய வீடுகளில் இருந்த சுவடிகளை ஊர் வாரியாக, சொந்தக்காரர் வாரியாகத் தொகுத்து, 1880-லும் 1885-லும் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார்.

ஆப்பர்ட்டின் பட்டியலைப் புரட்டினால் நெஞ்சு கனக்கும். அதில் உள்ள பல நூல்கள் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. வீடு கைமாறியது, பிள்ளைகள் பட்டணம் போனார்கள், படிக்க ஆளில்லாத கட்டு ஆடிப்பெருக்கன்று ஆற்றோடு போயிற்று. இன்னொரு பக்கம், பட்டியலிலேயே ஏறாமல் போனவை எத்தனையோ!

பட்டியல் எடுப்பது எளிய காரியமல்ல. கட்டின் மேல் ஒட்டிய சீட்டை நம்ப முடியாது. ராமாயணம் என்று எழுதியிருக்கும்; நடுவே நாற்பது ஏடு வைத்தியமாக இருக்கும். ஏட்டின் நீள அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி, எந்த எண்ணுள்ள ஏடு இல்லை, தொடக்கம் எது, முடிவு எது என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். மொழி வேறு, எழுத்து வேறு. சமஸ்கிருத நூல் கிரந்தத்திலும் இருக்கும், தெலுங்கு எழுத்திலும் இருக்கும், நந்திநாகரியிலும் இருக்கும். நூலின் அளவை 32 எழுத்து ஒரு ‘கிரந்தம்’ என்று கணக்கிடுவார்கள். ஏடெழுதுபவரின் கூலியும் இந்தக் கணக்கில் உண்டு. கடைசி ஏட்டில் எழுதியவர் பெயரும் ஊரும் ஆண்டும் அகப்பட்டால் அது அதிர்ஷ்டம். ஆண்டு பெரும்பாலும் பிரபவ, விபவ என்ற அறுபது வருஷக் கணக்கில் இருப்பதால், எந்தச் சுற்று என்பதை ஊகிக்க வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் வேண்டியது எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள். 2003-ல் மத்திய அரசு தேசியச் சுவடிகள் இயக்கத்தைத் தொடங்கியது. 2025 பட்ஜெட்டில் ‘ஞான பாரதம்’ என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. நிலையங்களிலும் தனியாரிடமும் உள்ள ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காப்பது நோக்கம். அதற்கான ஒதுக்கீடு மூன்றரை கோடி ரூபாயிலிருந்து 60 கோடியாக உயர்ந்தது. நல்ல காரியம். காமிரா வந்துவிடும், 2014 முதல் கம்ப்யூட்டரின் யூனிகோடு முறையிலும் கிரந்தத்துக்கு இடம் உண்டு. ஆனால் காமிரா படம்தான் எடுக்கும். இது அர்த்தசாஸ்திரம் என்று சொல்ல ஒரு ஷாமா சாஸ்திரி வேண்டும். கிரந்தம் வாசிப்பவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். இதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்காவது பயிற்சிக்குப் போகாவிட்டால் கம்ப்யூட்டரிலும் படிக்காத கட்டுகளே குவியும்.

பரணில் இருக்கிறதா?

அல்சூரிலும் மல்லேசுவரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தாத்தா கொண்டுவந்த பெட்டியில் ஜாதகக் கட்டோ, வைத்திய ஏடோ, தேவாரமோ இருக்கக்கூடும். இருந்தால் பூஜையில் வைத்துக் குங்குமம் தடவ வேண்டாம். வெயிலில் காயவைக்கவும் வேண்டாம், ஓலை முறுகி ஒடியும். தேங்காயெண்ணெய் பூசுவது தவறு. நிலையங்களில் எலுமிச்சம்புல் எண்ணெயைப் பக்குவமறிந்து தடவி, கரிப்பொடி தேய்த்து எழுத்தைத் தெளிவாக்குகிறார்கள். அது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. அதுவரை தூசியை மெல்லிய தூரிகையால் துடைத்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து, பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு வைத்தால் போதும். கயிற்றை அவிழ்க்க நேர்ந்தால் ஏட்டு வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய எழுத்துத் தெரிந்த ஒருவரிடம் முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் காட்டினால், பெரும்பாலும் அங்கேயே நூலின் பெயரைச் சொல்லிவிடுவார்.