மருந்து ஒரு கை, துணை மறு கை

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை ஒருவர் தனித்து நெய்ய இயலாது என்பது நம் நெசவாள அங்கத்தினர்கள் அறிந்ததே. உடலுக்கும் இருபுறக் கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தரவேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் இல்லத்தரசியே ஆவார். அவர் நோயுற்றுப் படுத்தால் தறி நிற்கிறது. தறியோடு கூலியும் நிற்கிறது.

அத்தகைய வீடொன்றை நாம் அருகிருந்து கண்டோம். அவ்வீட்டு அம்மையாருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்தபின், கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையை 21 நாட்களுக்கு ஒரு முறை பெறவேண்டும் என்றனர் மருத்துவர்கள். முதல் தவணை முடிந்து வீடு திரும்பியவர், "இனி நான் போகவில்லை, நீங்கள் தறியைப் பாருங்கள்" என்று கணவரிடம் கூறிவிட்டார். வாந்தியையும் அசதியையும் விட, தம்மால் குடும்பம் கெடுகிறதே என்ற எண்ணமே அவரை அதிகம் வாட்டிற்று. சிகிச்சையைப் பாதியில் விடுவது நோய்க்கு இடம் கொடுப்பதாகும். ஆகவே, அவரைத் தவணை தவறாமல் அழைத்துச் செல்வது எவ்வாறு என்பதே வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் அன்று எழுந்த கேள்வி.

மருந்தின் செயல்

புற்றுநோயின் உயிரணுக்கள் விரைந்து பெருகுபவை. விரைந்து பெருகுவனவற்றைத் தாக்குவதே இம்மருந்துகள் பலவற்றின் இயல்பு. ஆனால் தலைமயிரின் வேர், வாயின் உட்புறம், இரத்தம் உண்டாகும் எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அவ்வாறே விரைந்து பெருகுபவை. ஆதலால் அவையும் அடிபடுகின்றன. முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், சோர்வு மிகுவதும் இதனாலேயே. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். இந்நோய் தொட்டால் ஒட்டுவதன்று. அருகில் அமரவும், சேர்ந்து உண்ணவும் எவரும் அஞ்சவேண்டியதில்லை.

அஞ்சவேண்டியது வேறொன்று. மருந்தேறிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். கிருமிகளை எதிர்க்கும் வலிமை அப்போது இராது. சளி இருமல் உள்ளவர்கள் அந்நாட்களில் பார்க்க வராமல் இருப்பதே பேருதவி. கல்யாணக் கூட்டமும் திருவிழாக் கூட்டமும் வேண்டா. பழைய சோற்றைத் தவிர்த்து, அப்போது சமைத்ததையும் காய்ச்சி ஆறிய நீரையுமே தரவேண்டும். உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். வெதுவெதுப்பான நீரில் சிறிது உப்பும் சமையல் சோடாவும் கலந்து கொப்பளித்தால் வாய்ப்புண் ஆறத் துணையாகும். பிறர் சொல்லும் கஷாயத்தையும் சூரணத்தையும் மருத்துவரைக் கேளாமல் தரலாகாது.

ஒரு நள்ளிரவு

"என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லிச் செல்வது எளிது. நோயாளியோ கேட்கக் கூசுவார். இதை உணர்ந்த அவருடைய நாத்தனார், நாட்காட்டியை எடுத்து வேலைகளைப் பங்கிட்டார். இரவுச் சமையல் தமக்கு. மருத்துவமனைக்குத் துணை செல்வது எதிர்வீட்டுத் தோழிக்கு. காலையில் கரை நாடா தள்ளுவது பங்காளி வீட்டுப் பையனுக்கு. நடவுக்கு மாற்றாள் செல்லும் நம் விவசாய அங்கத்தினர்களுக்கு இம்முறை புதிதன்று. அந்நாட்காட்டியின் அடியில், "காய்ச்சல் 100.4 டிகிரி ஆனால் உடனே புறப்படவேண்டும்" என்றும் எழுதி வைத்தார்.

இரண்டாம் தவணைக்குப் பின் பத்தாம் நாள் நள்ளிரவில் அம்மையாருக்குக் குளிர் கண்டது. "ஒரு காய்ச்சல் மாத்திரை போட்டு விடிந்ததும் பார்க்கலாம்" என்றார் மாமியார். வெப்பமானி 101 காட்டிற்று. எழுதி வைத்திருந்ததைத் தோழி நினைவூட்ட, அப்போதே ஆட்டோவில் புறப்பட்டனர். விடியும்வரை காத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கக்கூடும் என்று மருத்துவர் பின்னர் கூறினார். அன்று முதல், மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்தும் வேலையை மாமியாரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

நம் கடமை

காஞ்சியின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவை 1969 இல் புற்றுநோய் கொண்டுபோயிற்று. அவர் பெயரால் அமைந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954 இல் தோன்றிய நிலையம் அடையாற்றில் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இச்சிகிச்சைக்கும் உதவுகிறது. சிகிச்சைக்கு ரயிலில் செல்லும் நோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. விண்ணப்பம் எழுதவும், வரிசையில் நிற்கவும் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தருவது சங்கத்தாரால் ஆகக்கூடிய காரியம்.

அவ்வம்மையார் எல்லாத் தவணைகளையும் முடித்துவிட்டார். கையில் பழைய வலு இன்னும் திரும்பவில்லை. அரை நாள் மட்டுமே தறியருகே அமர்கிறார். "இத்தனை பேர் கடனை எப்படித் தீர்ப்பேன்?" என்று நம்மிடம் கேட்டார். சங்கத்தில் பங்கு போட்டவர் தேவைப்பட்டபோது அதன் பயனைப் பெறுவதைக் கடன் என்று எவரும் சொல்வதில்லை என்று கூறினோம். அடுத்த மாதக் கூட்டத்தில், சிகிச்சையில் இருக்கும் அங்கத்தினர் வீடு எது, அங்கே எந்த வேலைக்கு எவர் செல்வது என்பதை முதற் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு ஒவ்வொரு சங்கத்தையும் வேண்டுகிறோம்.