பொட்டலத்தைப் பிரித்தால் பரப்பளவு

மாலை ஆறு மணிக்கு மேல் டாலிகஞ்சில் இரண்டு தொழில்கள் மும்முரமாக நடக்கின்றன. ஒன்று, வங்காள சினிமா. மற்றொன்று, சந்துக்குச் சந்து டியூஷன். மெட்ரோ நிலையத்துக்கு நடிகர் உத்தம் குமாரின் பெயர்தான். ஆனால் அந்த நேரத்தில் அங்கே இறங்குகிற பிள்ளைகளின் தோளில் தொங்குவது புத்தகப் பை.

மேற்கு வங்கத்துக்கு டியூஷன் புதிதல்ல. 2022ஆம் ஆண்டு 'அசர்' ஆய்வின்படி, அம்மாநில கிராமங்களிலேயே எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் சுமார் 74 சதவீதம் பேர் பணம் கட்டி டியூஷன் படிக்கிறார்கள். நாட்டின் கிராமப்புறச் சராசரி 30 சதவீதத்தை ஒட்டியதுதான். பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்கிறது, அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் மாத்யமிக் எனப்படும் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளை மடக்குகிற பகுதிகளில் ஒன்று 'பரிமிதி'. தமிழ்ப் பாடநூலில் அளவியல். அதிலும் குறிப்பாகப் புறப்பரப்பு.

வழக்கமான கணக்கு ஒன்று: அரைக்கோளத்தின் மேல் கூம்பு வைத்த பொம்மை. ஆரம் 7 செ.மீ., கூம்பின் உயரம் 24. மொத்தப் புறப்பரப்பு எவ்வளவு? மாணவி சூத்திரங்களைப் பிசகாமல் எழுதுகிறாள். கூம்பின் சாயுயரம் 25, மொத்தப் பரப்பு 704. அரைக்கோளத்தின் மொத்தப் பரப்பு 462. கூட்டினால் 1,166. சரியான விடையோ 858. சூத்திரம் சரி, பெருக்கல் சரி, மதிப்பெண் மட்டும் போயிற்று. இப்படி நாலு முறை நடந்தால் 'எனக்குக் கணக்கு வராது' என்று அவளே தீர்ப்பு எழுதிவிடுவாள்.

முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அறையில் இதற்கு மருந்து, அதே மாதிரிக் கணக்கு இன்னும் பத்து. அது உதவாது. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தப் பொம்மைக்கு பெயின்ட் அடித்தால் தூரிகை எங்கெல்லாம் படும்? இரண்டும் ஒட்டிய இடத்தில் படாது. அங்கே ஒளிந்திருப்பவை 154 சதுர செ.மீ. கொண்ட இரண்டு வட்டங்கள். அந்த 308ஐக் கழித்தால் 858. (இங்கே ஒரு பொறி இருக்கிறது. அரைக்கோளத்தின் வளைபரப்பும் 308தான். அரைக்கோளத்தையே விட்டுவிட வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை நினைத்துவிடலாம். விடையை மட்டும் திருத்துகிறவருக்கு இது தெரியவே தெரியாது.)

சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெருவிலேயே காட்டலாம். கொல்கத்தாவின் ஜால்முரி, அதாவது காரப்பொரி, காகிதக் கூம்பில் வருகிறது. தின்று முடித்ததும் வாயை ஒரே மட்டமாக நறுக்கி, மேலே படிந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டுப் பிரித்தால் ஒரு விசிறி. விசிறியின் ஆரம்தான் சாயுயரம். அதன் வளைந்த விளிம்பு, கூம்பு வாயின் சுற்றளவு. இரண்டையும் பெருக்கிப் பாதி எடுத்தால் பரப்பு. பொம்மைக் கூம்பின் அளவில் அது 44 பெருக்கல் 25இல் பாதி, 550. தமிழில் வளைபரப்பு என்ற சொல்லே பாதி விளக்கம். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர், ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லையும் சொல்லிவைக்கலாம்.

கோளத்துக்கு டார்ஜிலிங் ஆரஞ்சு இருக்கிறது. பழத்தின் அளவிலேயே நாலு வட்டம் வரைந்து, தோலைக் கிள்ளிக் கிள்ளிப் பரப்பினால் ஏறக்குறைய நாலும் நிரம்பும். வட்டத்தின் பரப்பைப்போல் நாலு மடங்கு என்று 'லீலாவதி'யில் பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதியதும் இதைத்தான். பந்தைச் சுற்றிய வலையை அவர் உவமை காட்டினார்.

வங்காளிகளுக்கு இந்த வித்தை தெரியாததல்ல. டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் சில நிறுத்தங்கள் தள்ளி, பவானிபூரின் மித்ரா இன்ஸ்டிட்யூஷனில் நெடுங்காலம் கணக்கு சொல்லித்தந்த கேசவ் சந்திர நாக் (1893–1987) எழுதிய நூல்கள் தலைமுறைகளை மிரட்டியவை. ஆனால் எண்ணெய் தடவிய மூங்கிலில் ஏறிச் சறுக்கும் குரங்கை அவரிடம் கணக்குப் படித்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது அல்லவா?

பொம்மையை முடித்த பிள்ளைக்கு அடுத்து ஒரு கூடாரம் தரலாம்: கீழே உருளை, மேலே கூம்பு, எத்தனை மீட்டர் துணி வேண்டும்? சூத்திரத்தைத் தேடாமல், தரைக்கும் துணி உண்டா என்று அவள் திருப்பிக் கேட்டால் கணக்கு வந்துவிட்டது.