மூடியைப் பார்த்து வாங்குங்கள்

தோட்டத்தில் வைத்து இறைச்சியும் மீனும் தணலில் வாட்டும் அடுப்பை அமெரிக்கர் பார்பெக்யூ அடுப்பு என்பர். வீட்டுக்கு அதனை வாங்குவோர் பெரும்பாலும் பருமனையும் பளபளப்பையும் பார்க்கின்றனர். நான் முதலில் பார்ப்பது மூடியை.

சிகாகோவில் வெபர் சகோதரர் உலோகத் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952-ஆம் ஆண்டில், நீர்மிதவைக்கான இரும்பு உருண்டையின் ஒரு பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் அமைத்தார். திறந்த அடுப்பில் காற்றடித்தால் சாம்பல் பறக்கும். கொழுப்புச் சொட்டினால் தீ எழும். மூடியிட்டால் இரண்டும் அடங்கும். மூடியிலும் அடியிலும் உள்ள துவாரங்களைக் குறுக்கினால் வெப்பம் தணியும், அகற்றினால் ஓங்கும். ஆகவே துவாரத் தகடு இலகுவாக நகர்கிறதா என்று கடையிலேயே தள்ளிப் பாருங்கள். கரியை ஒருபுறம் ஒதுக்க இடமும் வேண்டும்; அப்போதுதான் மறுபுறத்தில் தடித்த கோழித்தொடை கருகாமல் உள்ளே வேகும். சிறு குடும்பத்துக்கு 22 அங்குல விட்டம் தாராளம். எரிவாயு அடுப்போ விரைவில் சூடேறும். சாம்பல் அள்ளும் வேலையுமில்லை. பொறுமையற்றவர்க்கு அதுவே ஏற்றது.

வெளியிடம் இல்லாத அடுக்குமாடி வீட்டினர் இவ்விரண்டையும் வாங்கவே வேண்டாம் என்பேன். கனலும் கரி கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை வெளிவிடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சன்னலைத் திறந்துவைப்பது போதிய காப்பன்று. புகை அடங்கிய பின்னும் அவ்வாயு வந்துகொண்டிருக்கும். நடுவில் மழை வந்தால் சமையலைக் கைவிடுங்கள். கரி முற்றும் ஆறும்வரை அடுப்பு வெளியிலேயே நனையட்டும்.