பந்தலுக்குப் பின்னால் வாங்க, அசனம் வேகுது!

அசனப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். அந்தச் சோறு வேகிற ராத்திரியைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போதே வாருங்கள். கோயிலுக்கு முன்னால் சீரியல் விளக்கு மினுங்குகிறதே, அது கிடக்கட்டும். பின்பக்கம் தென்னங்கீற்றுத் தடுப்பை விலக்கி உள்ளே நுழையுங்கள். அடடா, அடடா! வரிசையாக அடுப்புகள், அவற்றின் மேல் ஆள் உயரத்துக்கு ஆவி பறக்கும் அண்டாக்கள், சாக்குச் சாக்காக வெங்காயம். சும்மா நின்று வேடிக்கை மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த நிமிடம் யாராவது ஒரு அத்தை உங்கள் கையில் கத்தியைக் கொடுத்து, "உக்காரு மக்கா, இந்தக் கத்தரிக்காய நறுக்கு" என்பார்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகை, ஸ்தோத்திரப் பண்டிகை என்று வந்துவிட்டால் ஊர் கூடிச் சாப்பிடும் அசனமும் உண்டு. நாசரேத் பக்கம் போனாலும் சரி, சாயர்புரம் பக்கம் போனாலும் சரி, யார் வந்தாலும் இலை விழும். எந்தக் கோயில், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. அரிசி மூட்டை ஒருவர் கொடுத்தது, ஆடு இன்னொருவர் பொருத்தனை. ஆனால் எனக்குப் பரவசம் தருவது பொருள் கொடுத்தவர்களின் பட்டியல் அல்ல. ராத்திரி ஒரு மணிக்குத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்கள்தான்!

பாருங்கள், அந்த ஓரத்தில் தேங்காய் துருவும் அக்கா தையல்காரர். பண்டிகைக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய துணி இன்னும் வீட்டில் குவிந்து கிடக்கிறது. விறகு தள்ளுகிற அண்ணாச்சி பேருந்து ஓட்டிவிட்டு நேராக இங்கே வந்தவர், காக்கிச் சட்டைகூட மாற்றவில்லை. பூண்டு உரிக்கிற பெண்ணுக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் டியூட்டி. சென்னையிலிருந்து இடம் கிடைக்காமல் ரயிலில் நின்றுகொண்டே வந்த தம்பி, பையை வீட்டுத் திண்ணையில் போட்ட கையோடு தண்ணீர்க் குடம் தூக்குகிறான். இந்த நேரம் இவர்களில் ஒருவருக்கும் தோதான நேரம் இல்லை! தோதான நேரம் பார்த்திருந்தால் இந்த அண்டாவில் ஒரு பருக்கைகூட வெந்திருக்காது.

இங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரம் நினைவுக்கு வரும். இரண்டு இரண்டு பேராக ஊழியத்துக்குப் போன சீஷர்கள் களைத்துத் திரும்பியிருக்கிறார்கள். சாப்பிடக்கூட நேரமில்லை. கொஞ்சம் இளைப்பாறலாம் என்று இயேசு அவர்களைப் படகில் தனியிடத்துக்கு அழைத்துப் போகிறார். போய் இறங்கினால், கரை வழியாக ஓடிவந்த ஜனங்கள் அவர்களுக்கு முந்தி அங்கே நிற்கிறார்கள்! பொழுது சாய்கிறது. கூட்டத்தை அனுப்பிவிடலாம், பக்கத்து ஊர்களில் வாங்கிச் சாப்பிடட்டும் என்கிறார்கள் சீஷர்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அவரோ, நீங்களே கொடுங்கள் என்று அந்த வேலையைக் களைத்துப் போனவர்கள் கையிலேயே வைக்கிறார்.

ஐந்து அப்பம், இரண்டு மீன் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாகிவிட்டது. என் கண் போவதோ பரிமாறினவர்கள் மேல். பச்சைப் புல்லில் நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் பந்தி உட்கார்ந்திருக்கிறது. ஆண்கள் மட்டுமே ஐயாயிரம் பேர். அத்தனை வரிசைக்கும் நடந்து நடந்து கொடுத்தவர்கள் காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாத பன்னிரண்டு பேர்! மீந்ததும் பன்னிரண்டு கூடை. அதையும் சுமந்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

ஐயோ, பேச்சில் சோறு இறக்குகிற நேரத்தை விட்டுவிடப் போகிறோம். வாருங்கள், வாருங்கள்! அண்டாவின் காதுகளில் கம்பைக் கொடுத்து நான்கு பேர் தூக்குகிறார்கள். "தள்ளு, தள்ளு, கஞ்சி வருது!" பாயில் விரித்த வெள்ளைத் துணியில் சோறு மலையாகச் சரிகிறது. ஆவியில் எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. அந்தப் பக்கம் கறிக்குழம்பு கொதித்துப் புரள்கிறது. சமையல் அண்ணாச்சி உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிறார். எல்லாரும் அவர் முகத்தையே பார்க்கிறோம். தலையை ஆட்டிவிட்டார்! உப்பு சரி!

விடிந்தபின் சபைப் போதகரான ஐயர் வந்து ஜெபம் பண்ணுகிறார். முதல் கரண்டி பந்திக்குப் போவதற்கு முன்பே தூக்குவாளிகள் ஒரு வரிசையில் வந்து நிற்பதைப் பார்த்தீர்களா? படுத்த படுக்கையாக இருப்பவர்கள், துணைக்கு ஆளில்லாத பாட்டிகள், எல்லாருக்கும் வாலிபப் பிள்ளைகள் சைக்கிளில் கொண்டு போகிறார்கள். எருசலேமில் ஆதிச் சபை நாளில், அன்றாடச் சாப்பாட்டுப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அதைச் சரிசெய்யத்தான் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். சோறு போடுகிற வேலைதானே என்று யாரையாவது நிறுத்தவில்லை. நற்சாட்சியும் ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களைத் தேடினார்கள். முதல் பெயர் ஸ்தேவான்!

ஒன்றாக உட்காருவதும் இந்த மண்ணில் சும்மா வந்துவிடவில்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், தம்மிடம் படித்த மாணவர்கள் சாதி பார்க்காமல் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று உறுதியாக நின்றார். அதற்காக மனத்தாங்கல்களையும் சுமந்தார். இன்று பந்தியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, "இங்க கொஞ்சம் குழம்பு!" என்று கத்துகிற சத்தம் எனக்குப் பாட்டாகவே கேட்கிறது.

பந்தி மேல் பந்தி. வாளி தூக்குகிறவர்களின் சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடக்கிறது. கடைசிப் பந்தி எழுந்தாயிற்று, இலைகளை அள்ளியாயிற்று. பாதி அண்டாக்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தும் ஆயிற்று. ராத்திரி முழுக்க வேலை செய்தவர்கள் இப்போதுதான் அடிச்சோற்றைப் பங்கிட்டு உட்காருகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நிற்கிறது. வழியில் டயர் வெடித்துத் தாமதமாகிவிட்டதாம். பிள்ளைகளும் பெரியவர்களுமாக இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

தையல்கார அக்கா தன் இலையை அப்படியே ஒரு சின்னப் பெண்ணின் பக்கம் நகர்த்திவிட்டு எழுகிறார். காக்கிச் சட்டை அண்ணாச்சி ஏற்கெனவே விறகுப் பக்கம் போய்விட்டார். சமையல் அண்ணாச்சி கவிழ்த்து வைத்த அண்டாவை நிமிர்த்திவிட்டுக் குரல் கொடுக்கிறார்:

"ஏலே தம்பிகளா, தண்ணி ஊத்துங்க! உலை வைப்போம்!"