பழைய வண்டியும் பழைய வர்ணமும்

திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் ஒடுக்கு விழுந்த பழைய பிக்-அப் வண்டியை டிங்கர் பட்டறையில் விட்டால் நடப்பது யாது? சுத்தியால் அடித்து நிமிர்த்துவார்கள். பட்டி பூசித் தேய்ப்பார்கள். புது வர்ணம் அடிப்பார்கள். வண்டி கல்யாணப் பெண்போல் பளபளக்கும். தொழிற்சாலையில் பூசிய ஆதி வர்ணம் மட்டும் போனது போனதுதான்!

இதில் அழகு மாத்திரமா போகிறது? திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. உப்பு மூட்டை ஏற்றும் வண்டியில் பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாமலே, துரு தகட்டைத் தின்றுவிடும். பிழைப்புக்கு அந்த ஒரே வண்டியை நம்பியவர் கதி என்னாவது?

1940-களின் இறுதியில் பம்பாயில் ஜீப் பாகங்களை இணைக்கத் தொடங்கிய மஹீந்திரா கம்பெனியின் பழைய வண்டிகளில் தகடு கனமானது. பொறுமையுடன் அணுகினால் வசத்துக்கு வரும். முதலில் வெயிலில் நிறுத்தி, வர்ணத்தைச் சற்று இளக விடவேண்டும். (சித்திரை மாதத்து விழுப்புரத்தில் இதற்குச் செலவே இல்லை!) பிறகு உட்புறத்திலிருந்து, முனை மழுங்கிய கம்பியால், சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டு புடைத்துக்கொள்ளும், வர்ணமும் வெடிக்கும். ஆகையால் ஓரத்து மேட்டை மரச்சுத்தியால் தணித்துக்கொண்டே நடுவுக்கு வருவதுதான் முறை.

கூர்மையாக மடிந்து வர்ணம் உரிந்த இடத்தை மீட்க முடியாது. அங்கே மட்டும் துருவைச் சுரண்டி, தொட்டாற்போல் வர்ணமிட்டால் போதும்.

பட்டி வேலையைவிட இதற்கு நேரம் மிக அதிகம் பிடிக்கும். கூலியை முன்னதாகவே பேசிக்கொள்வது நலம்.