டெண்டருக்கு முன்னால்

பொதுப்பணத்தைப் பற்றி ஐயம் எழுந்தால், அதனை ஆராய்வது எங்ஙனம்? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செல்ஸ் பள்ளி நிர்வாகத்தின் அனுபவம் இதற்கு நல்ல பாடமாகும்.

மாணவர் ஒவ்வொருவருக்கும் ஐபேட் என்னும் கைக்கணினி வழங்கும் திட்டத்தின் முதற்பகுதிக்காக, 2013 ஜூனில் ஆட்சிக்குழு 3 கோடி டாலர் ஒப்பந்தத்தை ஏற்றது. கருவி ஆப்பிள் நிறுவனத்தினுடையது. அதனுள் அமையும் பாடங்கள் பியர்சன் நிறுவனத்தினுடையவை. டெண்டர் கோருமுன்பே உயர் அலுவலர்கள் அந்நிறுவனத்தாரோடு தொடர்பு கொண்டிருந்ததை, 2014 ஆகஸ்டில் வெளியான மின்னஞ்சல்கள் காட்டின. ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது, அக்டோபரில் தலைமை நிர்வாகி பதவி விலகினார், டிசம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் 20 பெட்டி ஆவணங்களை எடுத்துச் சென்றனர். எனினும், வழக்குத் தொடுப்பதில்லை என 2017இல் அரசு வழக்குரைஞர்கள் முடிவு செய்தனர்.

ஐயம் குற்றமாகாது. வழக்கு இல்லாமை, நடைமுறை செம்மையாக இருந்ததற்குச் சான்றும் ஆகாது. விற்போரிடம் விவரம் கேட்பது தவறன்று. எல்லாரிடமும் ஒருபடித்தாகக் கேட்டல் வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், வினாத்தாள் உறையை அனைவர் முன்னிலும்தான் பிரிப்போம். ஒருவனுக்கு மட்டும் முன்னரே காட்டினால், காசு வாங்காவிடினும், ஏனையோர்க்கு அது அநீதியே. ஆதலின் கடிதங்களையும் கணக்குகளையும் காத்து வையுங்கள். பின்னாளில் உண்மையைப் பேசுபவை அவையே.